பாரிமுனையைப் பார்க்க ஞாயிறா, வேலை நாளா?

சென்னையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் கையில் இருக்கும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெரினா, மயிலாப்பூர், தி.நகர், ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் மாமல்லபுரம். வட சென்னை அதில் இருக்காது. சென்ட்ரலில் இறங்குகிறவர் அந்தச் சிவப்புக் கட்டடத்தையும் சற்றுத் தள்ளி வெள்ளையாக நிற்கும் ரிப்பன் மாளிகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆட்டோ ஏறித் தெற்கே போய்விடுவார்.

ஊர் தொடங்கிய இடமோ வடக்கே இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆரம்பித்து பாரிமுனை, மண்ணடி வழியாக ராயபுரம் வரை போனால் மூன்று கிலோமீட்டர் சுமாருக்கு வரும். அதற்குள் 1680-இல் திறந்த ஒரு தேவாலயம், 1772-இல் எழுப்பிய ஆர்மீனியர் கோயில், 1856-இல் ஓடத் தொடங்கிய ரயில் நிலையம், 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம், 1940-இல் வந்த டேர் ஹவுஸ் என்று இரண்டரை நூற்றாண்டுக் கட்டடக் கலை அடுத்தடுத்து நிற்கிறது. பெரும்பாலானவற்றைத் தெருவில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் கிடையாது.

ஒரே தொல்லை கூட்டம். இது சுற்றுலாக் கூட்டமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அவர்களும் நம்மைப் போல நின்று பார்ப்பார்கள். இங்கே இருப்பது வியாபாரக் கூட்டம். ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடவுன் தெருவில் துணி, அடுத்த தெருவில் வேறொன்று என்று பேட்டை முழுக்க மொத்த விற்பனை. தலையில் மூட்டையோடு ஒருவர் பின்னால் வந்து "ஓரம் போ சார்" என்பார். குட்டி யானை வண்டி ரிவர்ஸ் எடுக்கும். அந்த நேரத்தில் மேலே அண்ணாந்து, இரண்டாம் மாடியின் சுதை வேலைப்பாட்டை ரசிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எப்போது போவது என்று கேட்டால், இந்தப் பக்கம் தெரிந்தவர்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு நானும் அதையேதான் சொல்கிறேன். மீதிப் பேருக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலை

முதலில் ஞாயிறுக்கு உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜாஜி சாலையின் பழைய கட்டடங்கள் சாலையின் மேற்குப் பக்கம், கடலைப் பார்த்து நிற்கின்றன. துறைமுகம் வருவதற்கு முன்பு அலை ஏறக்குறைய இந்தச் சாலை வரைக்கும் வந்தது. கப்பலில் வருகிறவன் கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டிய முகங்கள் இவை. அதனால் காலை ஏழு மணி வெயில் நேராக அவற்றின் நெற்றியில் விழும். சிவப்புச் செங்கல்லின் உண்மையான நிறம் அப்போதுதான் தெரியும். பதினொரு மணிக்கு மேல் அதே சுவர் மங்கிப்போய், முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்புறம்தான் பளபளக்கும்.

பொது அஞ்சலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் சிஷோம் வரைந்து 1884-இல் திறந்தது. இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் கேரளத்துக் கூரையின் சாயல். மாடம், வளைவு, சரிவுக் கூரை என்று எங்கிருந்தெல்லாமோ எடுத்துச் சேர்த்திருக்கிறார். வேலை நாளில் இதன் எதிரே நின்றால் முழுக் கட்டடமும் ஒரே பார்வைக்குள் வராது, இடையில் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். ஞாயிறு காலையில் எதிர்ப்புற நடைபாதைக்குப் போய், மூடிக் கிடக்கும் பர்மா பஜார் கடைகளுக்கு முன்னால் நின்றால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கலாம். ஸ்டேட் வங்கிக் கட்டடமும் இதே வரிசையில்தான் இருக்கிறது. மெட்ராஸ் வங்கிக்காக 1897-இல் முடித்தது, கட்டிக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரும் அவரே. இந்த ஊரின் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கார வரைவாளர் பெயரை மட்டும் சொல்கிறவர்களிடம் இந்தப் பெயரையும் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது. கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடும் இவருடையதுதான்.

அஞ்சலகத்தில் 2000-இல் ஒரு தீ, வங்கியில் 2014-இல் ஒரு தீ. இரண்டும் தப்பி நிற்கின்றன. பார்க்க வேண்டுமென்று நினைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கொஞ்ச தூரத்தில் பென்டிங்க் கட்டடம் என்று ஒன்று இருந்தது. அது இருந்த இடத்தில்தான் இப்போது கலெக்டர் ஆபீஸ்.

மூலையில் பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ். வெள்ளைக்கார வியாபாரி தாமஸ் பாரி 1788-இல் தொழில் தொடங்கினார், அவர் பெயரில்தான் முனையே பாரிமுனை. இப்போது இருப்பது 1940-இன் ஆர்ட் டெகோ பாணிக் கட்டடம்: நேர்க்கோடுகள், வளைத்துவிட்ட மூலை, ஆடம்பரம் குறைவு. எதிரே உயர் நீதிமன்றத்தின் குமிழ் மாடங்களைப் பார்த்துவிட்டு உடனே இதைத் திரும்பிப் பாருங்கள். நடுவில் ஐம்பது வருடம்கூட இல்லை, ஆனால் ரசனை முழுக்க மாறிப்போயிருக்கிறது. இந்த ஒப்பீட்டுக்கு நடுச்சாலையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். அதை ஞாயிறு ஆறரை மணிக்கு மட்டுமே செய்யலாம். மற்ற நாட்களில் செய்து பார்க்க வேண்டாம்.

ஞாயிறின் அடுத்த லாபம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம். 1850-இல் திறந்தது, ஏதென்ஸில் உள்ள கிரேக்கக் கோயிலை மாதிரியாக வைத்துக் கட்டியது. பெரிய தூண்களும் முக்கோண முகப்பும் இருக்கின்றன. தினமும் இந்தச் சாலையில் போகிறவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ஏனென்றால் அதன் காலடி முழுக்கக் கடைகள், குடைகள், தொங்கும் சரக்கு. கடை அடைத்த காலையில் எதிர்ப்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால், ஷட்டர்களுக்கு மேலே திடீரென்று கிரீஸ் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஞாயிறின் குறையையும் சொல்ல வேண்டும். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஞாயிறு காலை நடை என்பது முகப்புகளைப் பார்க்கிற நடை. தெருவில் நிற்கிறீர்கள், தெருவோடு முடிகிறது. நாய்களும் உண்டு. ஆளில்லாத மண்ணடிச் சந்துகளில் அவை தங்கள் ராஜ்ஜியம் என்று நினைத்துக்கொள்ளும். தனியாக வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு துணையோடு வருவது மேல். விளம்பரப் பலகைகள் ஞாயிறிலும் கழற்றப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் முதல் மாடி பெரும்பாலும் பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதற்கும் மேலே, கைப்பிடிச் சுவரில் கட்டிய வருடமும் சுதை உருவங்களும் எஞ்சியிருக்கும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

வேலை நாள்

இப்போது மற்றக் கட்சி. என் மனசு இந்தப் பக்கம்தான் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பழைய வீட்டின் அறிவு அதன் முகப்பில் இருப்பதைவிடக் கூரையில் அதிகம் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்வது இந்தப் பேட்டையின் சொத்து. தேக்கு உத்தரம் போட்டு, குறுக்கே சட்டங்களை நெருக்கமாக வைத்து, அதன்மேல் மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தோடு அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி இல்லை, சிமெண்ட் இல்லை. சுண்ணாம்பு கொஞ்சம் மூச்சு விடும் பொருள், ஆகவே கடற்கரை ஈரத்தை இந்தக் கூரை நூறு வருடம் தாங்கியது. பின்னால் வந்த கான்கிரீட் கூரைகளில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்வதையும் இதே தெருக்களில் பார்க்கலாம்.

இந்தக் கூரையை ஞாயிறில் எப்படிப் பார்ப்பீர்கள்? ஷட்டர் இறங்கியிருக்கும். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு காகிதக் கடையில் நுழைந்து, நூறு ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு, அப்படியே மேலே பார்த்தால் போதும். வரிசையாகத் தேக்குச் சட்டம், இடையில் செங்கல்லின் சாய்ந்த ஓட்டம், சுண்ணாம்பு அடித்து அடித்து வெளுத்துப்போயிருக்கும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால், பின்கட்டில் முற்றம் இருந்த இடத்தையும் சிலர் காட்டுவார்கள். திண்ணை இப்போது சரக்கு இறக்கும் மேடை, கூடம் இப்போது கிடங்கு, முற்றத்துக்கு மேலே தகரம். இப்படி மாறியதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வியாபாரம் நடக்கிற வீடுதான் இங்கே இடிபடாமல் இருக்கிறது. பூட்டி வைத்த வீட்டில் அரசமரம் முளைக்கிறது.

அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்லும் ஆர்மீனியன் தெரு வேலை நாளுக்கு இன்னொரு சாட்சி. ஒரே தெருவில் ஆர்மீனியர் தேவாலயம், கத்தோலிக்கரின் செயின்ட் மேரி இணைப் பேராலயம், கச்சாலீஸ்வரர் கோயில். ஆர்மீனியர் தேவாலயத்தின் தெருக்கதவு சின்னது, உள்ளே போனால் தெருவின் இரைச்சல் பாதியாகக் குறையும். மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, ஆறு பெரிய மணிகள் அதில் உண்டு. முற்றமெல்லாம் ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள், நாம் நடப்பதே அவற்றின் மேல்தான். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் இந்த ஊரிலிருந்து வெளியிட்ட ஹாருத்யுன் ஷ்மாவோனியனின் கல்லறையும் இங்கேதான். கும்பிட வரும் ஆர்மீனியர்கள் இந்த ஊரில் அநேகமாக யாரும் இல்லை, கட்டடத்தை மட்டும் நன்றாகப் பராமரிக்கிறார்கள். காலை ஒன்பதுக்கு மேல், மதியத்துக்குள் போய்விடுங்கள். ஞாயிறு காலையில் மணி அடிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஞாயிறு ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கோயில்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, எந்த நாளும் திறந்திருக்கும், மதியம் நடை சாத்துவார்கள், அவ்வளவுதான். தம்புச் செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயிலுக்கு 1677-இல் சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. பூக்கடைப் பக்கத்தில் சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் கோயில்கள் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. இவை முதலில் இருந்த இடம் இப்போதைய உயர் நீதிமன்ற வளாகம். கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று 1750-களில் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், இடித்துவிட்டு, பிறகு இங்கே இடம் கொடுத்தார்கள். பத்ரியன் தெருப் பூ வாசனையும் நெரிசலும் சேர்ந்தால்தான் இந்தக் கோயில்களுக்குப் போன மாதிரி இருக்கிறது. இதற்கு ஞாயிறு, திங்கள் வித்தியாசம் பெரிதாக இல்லை.

வேலை நாளில் பலர் ஏமாறும் இடம் உயர் நீதிமன்றம். வரைவாளர் ஹென்றி இர்வின் முடித்துக் கொடுத்த அந்தக் கட்டடத்தின் உட்புறம், வண்ணக் கண்ணாடியும் தரை ஓடுகளும் நீண்ட தாழ்வாரங்களுமாக, வெளிப்புறத்தைவிட அழகு. ஆனால் 2015 முதல் பாதுகாப்பு மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையிடம். வழக்கு வேலையாக வருகிறவருக்கே சோதனை பலமாக இருக்கும், சுற்றிப்பார்க்க வந்தேன் என்றால் உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். ஆகவே இதை வெளியிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சுற்றுச்சுவரில், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டுப் பலகை இருக்கிறது. வளாகத்துக்குள் உயரமாக ஒற்றைக் கல்தூண் மாதிரி நிற்பது 1844-இல் எரியத் தொடங்கிய கலங்கரை விளக்கம். 1894-இல் விளக்கை நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்துக்கே மாற்றினார்கள். மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் 1977-இல் வரும் வரைக்கும், பகலில் வழக்கு, இரவில் கப்பலுக்கு வெளிச்சம் என்று இரண்டு வேலை அந்தக் கட்டடத்துக்கு.

கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது? நடந்துகொண்டே மேலே பார்க்காதீர்கள், அது ஒன்றே போதும். நிற்க வேண்டுமென்றால் ஒரு டீக்கடை ஓரமாக ஒதுங்குங்கள். டீ கையில் இருந்தால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காலை பத்தரைக்கும் ஒரு மணிக்கும் நடுவே போனால் கடைகளும் திறந்திருக்கும், சரக்கு வண்டிகளின் உச்ச நேரமும் கொஞ்சம் தணிந்திருக்கும். மாலை ஐந்துக்கு மேல் கட்டடம் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கூட்டமே ஆகாது என்கிறவர்களுக்கு

இரண்டு வழி. ஒன்று கோட்டை, இன்னொன்று ராயபுரம்.

வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் கூட வந்தால் கோட்டைதான். அடையாள அட்டை வேண்டும், தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் பையைச் சோதிப்பார்கள். தாண்டிவிட்டால் மரநிழல், அகலமான பாதை, உட்கார இடம். செயின்ட் மேரி தேவாலயம் 1680-இல் திறந்தது. இதன் கூரையைக் கவனியுங்கள், மண்ணடியின் தேக்கு உத்தரத்துக்கு நேர் எதிர். மரமே இல்லாமல் முழுக்கச் செங்கல் வளைவு, நான்கடித் தடிமன் சுவர். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டியது, வரைந்தவரே கோட்டையின் பீரங்கிப் படைக்காரர் எட்வர்ட் ஃபௌல். ராபர்ட் கிளைவுக்கு 1753-இல் கல்யாணம் நடந்தது இங்கேதான். வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள் இந்த இடத்தில் புதைக்கப்பட்டவர்களுடையவை அல்ல. பழைய இடுகாடு இப்போதைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று சுட்டதால், பிறகு அவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பரப்பினார்கள்.

கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை, இதை மறந்து வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய. 1795-இல் முடிந்த கட்டடம். அதன் உச்சியில்தான் 1796-இல் ஊரின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. ஆக, முதல் மூன்று கலங்கரை விளக்கங்களும் ஒன்றிலிருந்து ஒன்று நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. சட்டமன்றம் இருக்கும் கட்டடத்தின் கறுப்புக் கல்தூண்களை 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள் திரும்ப எடுத்து வந்தார்கள் என்ற கதையும் உண்டு. இவ்வளவும் சரிதான், ஆனால் கோட்டையில் எனக்கு ஒரு குறை. அது ஊர் இல்லை, அலுவலகம். பழைய கட்டடம் பார்த்த திருப்தி இருக்கும், பழைய பட்டணம் பார்த்த திருப்தி இருக்காது.

ராயபுரத்தை நான் கொஞ்சம் பட்சபாதத்தோடுதான் சொல்வேன், வீட்டுக்குப் பக்கம். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் வடக்கே அடுத்த நிறுத்தம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் ஹவுராவிலும் முன்பே ரயில் ஓடியது, ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இப்போது இல்லை. அதனால் இந்தியாவில் நின்றுகொண்டிருக்கிற மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான். 2005-இல் புதுப்பித்தார்கள். முன்பக்கத் தூண் வரிசை கம்பீரமாக இருக்கும். 1873-இல் சென்ட்ரல் வந்த பிறகு பயணிகள் அங்கே போய்விட்டார்கள், கட்டடம் இங்கேயே இருந்துவிட்டது. எந்த நாளிலும் எந்த நேரத்திலும் நிம்மதியாக நின்று பார்க்கலாம். படம் எடுப்பதானால் ஸ்டேஷன் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நடந்தால் படகோட்டிச் சமூகத்தார் கட்டிய செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம், பிறகு 1910-இல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில். பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ராயபுரத்தில் பார்க்க இருப்பவை குறைவு, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. அரை நாளை இதற்கே கொடுப்பது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஞாயிறாக இருந்தால் காசிமேட்டு மீன் வாங்க வரும் கூட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரிமுனை காலியாக இருக்கிற அதே காலையில் இந்தப் பக்கம் வண்டி நகராது.

வழிகாட்டி வேண்டுமா?

ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் தினமாகக் கொண்டாடுகிறோம், 1639-இல் கோட்டைக்கான நிலம் கைமாறிய நாள் என்ற கணக்கில். அந்த வாரத்தையொட்டி இலவச நடைகள் நிறைய நடக்கும், பாரிமுனையும் மண்ணடியும் அடங்கிய இந்த ஜார்ஜ் டவுனுக்கும் இருக்கும். வருடத்தின் மற்ற நாட்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறவர்கள் உண்டு. கதை தெரிந்த ஒருவரோடு போவதில் பெரிய லாபம், எதைப் பார்க்கிறோம் என்று தெரியும். பச்சையப்பன் மண்டபத்தை நீங்களாகக் கண்டுபிடிக்க மாட்டீர்கள். குறை, முப்பது பேர் ஒரு சந்தில் நின்றால் நாமே கூட்டமாகிவிடுகிறோம். அப்புறம் வழிகாட்டிக்குப் பிடித்த இடத்தில்தான் நிற்க முடியும், உங்களுக்குப் பிடித்த கதவு வேறாக இருக்கும். முதல் முறை வழிகாட்டியோடு, அடுத்த முறை தனியாக என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். ஒரே முறைதான் வருவேன் என்றால் வழிகாட்டியோடு போங்கள்.

காரில் வராதீர்கள், இதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை, நிறுத்த இடம் கிடையாது. மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்குங்கள், முடிக்கும்போது மண்ணடி ஸ்டேஷனில் ஏறுங்கள். கழிப்பறைக்கும் இந்த இரண்டு ஸ்டேஷன்களையே நம்புங்கள்.

சரி, ஒரு அரை நாள்தான் இருக்கிறது, கட்டடம் மேல் ஆசை இருக்கிறது, கூட்டத்துக்குக் கொஞ்சம் பயமும் இருக்கிறது, எதை எடுப்பது? சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ராஜாஜி சாலையில் வெயில் முகத்தோடு தொடங்குங்கள். ஒன்பதரை வரை ஞாயிறின் நிம்மதி பெருமளவு கிடைக்கும். அதற்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், ஆர்மீனியன் தெருவுக்கும் ஆண்டர்சன் தெருவுக்கும் போங்கள், கூரை பாருங்கள். நீதிமன்றம் விடுமுறை என்பதால் கறுப்புக் கோட்டுகளும் அவர்களுடைய கார்களும் இல்லாமல் பாரிமுனையே கொஞ்சம் இளகியிருக்கும். புகைப்படம்தான் முக்கியம் என்றால் ஞாயிறு. கூட்டத்தைப் பார்த்து மிரளாதவர், கைவேலை தெரிந்தவர், வீடு கட்டும் தொழிலில் இருப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செவ்வாயோ புதனோ வாருங்கள். மாலை வரை இருந்தால் பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மியத் தள்ளுவண்டிகளில் அத்தோ என்கிற நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் கிடைக்கும், விடிகாலையில் வருகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே என்றால் எட்டரை மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டியிருக்கும், ஆகவே ஞாயிறுத் திட்டம் மட்டுமே சரிப்படும். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் மண்ணடித் தெருக்களை மறந்துவிட்டுக் கோட்டைக்குப் போங்கள். முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது எல்லோருக்கும் கண் கீழேதான் இருக்கும்.